வயிற்றின் மேல் விழுந்த சந்தேகம்

வசந்தா,

உன் அப்பா நேற்று திருவெறும்பூருக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து உன் வீட்டுக் கதைதான். குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறதாம், மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு ஃபாக்டரியிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிடுகிறாராம், நீ வைத்த வத்தக்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாம். ஆகவே நலம் விசாரித்து நாலு வரி எழுதும் வேலை எனக்கு மிச்சம். நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு நேராக வருகிறேன்.

புறப்படுகிற அன்று, வாசலில் டாக்ஸி நிற்கும்போது, நீ என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாய். "அம்மா, நான் நிஜமாவே உன் வயித்தைக் கிழிச்சுத்தான் பொறந்தேனா?" கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உறவுக்காரி ஒருத்தி, நீ லால்குடியில் பெரியம்மா வீட்டில் சுகப்பிரசவமாகப் பிறந்தவள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "அப்ப உங்கம்மா வயித்துத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு அவகிட்டயே கேளு" என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணையும் காட்டியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு நீ என் முகத்தைப் பார்த்தாய். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த பார்வை அல்ல அது. நான் "ராகுகாலம் வந்துடும், கிளம்பு" என்றேன். நீயும் போய்விட்டாய். உன் சந்தேகத்தில் தப்பில்லை. நீ சுகப்பிரசவமாகத்தான் பிறந்தாய். தழும்பைப் பற்றி உன்னிடம் சொன்னது பொய். சின்னப் பெண்ணிடம் வேறு என்ன சொல்வது என்று சொல்லி வைத்தேன். பிறகு அதை மாற்றிச் சொல்ல ஒரு வேளையும் வாய்க்கவில்லை.

உண்மையைச் சொல்ல உன் லால்குடி பெரியம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா. நெல் வியாபாரம் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். எல்லாம் இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது, வயிறு மேடிட்டது. "லால்குடிக்காரி முழுகாம இருக்கா" என்று செய்தி வந்த அன்று நான் சமயபுரத்துக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன். அவளால் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை, மசக்கை என்றோம். இடுப்பு கழன்று போகிறாற்போல வலி என்றாள், பிள்ளைத்தாச்சிக்கு இல்லாத இடுப்பு வலியா என்றோம். ஒரு நாழிகை உட்கார முடியாமல் கொல்லைப்பக்கம் போய் வந்தாள், பிள்ளை அழுத்துகிறது என்றோம். கை கால் குச்சியாகி, கழுத்தெலும்பு துருத்தி, வயிறு மட்டும் வளர்ந்தபோது, தாயைத் தின்கிறது என்றால் ஆண்பிள்ளைதான் என்றார் அவள் மாமனார். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் சந்தோஷமான ஒரு பதில் தயாராக இருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்று வாயைத் திறந்தால், கண்பட்டுவிடும் என்று அடக்கினார்கள்.

வளைகாப்பன்று நான்தான் அவளுக்கு அருகில் உட்கார்ந்து வளையல் போட்டேன். மணிக்கட்டில் போட்ட வளையல் கையைத் தூக்கினால் தோளுக்கு ஓடியது. அவள் என் காதருகே குனிந்து, "உள்ளே அசையவே மாட்டேங்குதுடி. உனக்கு வசந்தா எப்ப அசைஞ்சா?" என்று கேட்டாள். "ஒண்ணொண்ணு சோம்பேறியா இருக்கும்க்கா" என்றேன். அவள் அதை நம்பிச் சிரித்தாள். அந்த மாதக் கடைசியில் மூச்சு முட்டி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே ரயிலில் திருச்சிக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள், எடுக்க எடுக்க ஊறியது. பிள்ளை இல்லை. கருப்பைக்கு இரண்டு பக்கமும் சினைப்பை என்று ஒன்று இருக்கிறதாம், அதில் புற்று வந்து குடல் வரைக்கும் பரவிவிட்டது, கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். பூவும் பொட்டுமாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்று ஊர் சொன்னது. எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் ஆகாது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, "இது பிள்ளைதானா?" என்று சந்தேகப்பட்டிருந்தால் போதும். அத்தனை நல்லவர்கள் கூடியிருந்த வீட்டில் சந்தேகப்பட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவள் நம் வீட்டில் இருந்தாள், உன் அத்தை. உன் அப்பாவுக்கு மூத்தவள், சின்ன வயதில் தாலியை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து குடும்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டவள். பால்காரன் பால் அளக்கும்போது அவள் கண் படியில் இருக்காது, அவன் முழங்கையில் இருக்கும். கத்தரிக்காயைக் காம்போடு முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். நம் அடையவளஞ்சான் வீதியில் அவளை ஏமாற்றியவன் என்று ஒருவனும் இல்லை. அப்பா அப்போது பட்டாளத்தில் கிளார்க், வடக்கே எல்லைப்பக்கம். வருஷத்துக்கு ஒரு லீவு, அதுவும் சில வருஷம் கிடைக்காது. அக்கா போய் இரண்டு வருஷம் இருக்கும், நயா பைசா புதிதாக வந்து எல்லோரும் கணக்குத் தெரியாமல் விழித்த சமயம், நீ எட்டு வயதுப் பெண். அப்பா லீவு முடிந்து போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது என் வயிறு மேடிட்டது.

நம் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் சமையலறைக்குள் வரக்கூடாது என்பது உனக்கே தெரியும். நான் ஒதுங்கி உட்காராமல் மாதம் கடந்தால் அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"இந்த மாசமும் நீ ஒதுங்கலியே?"

"தள்ளிப்போகுது அண்ணி."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

அன்றிலிருந்து அவளே எனக்குப் பரிமாறினாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு வாய் உள்ளே போனதும் எனக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். "ஏன், இறங்கலியா?" என்பாள். "வயிறு நெறஞ்சாப்ல இருக்குங்க." அவள் என் முந்தானையைப் பார்த்துக்கொண்டே, "நெறஞ்சுதான் இருக்கு" என்பாள். நான் கொல்லைக்குப் போனால் கதவுச் சத்தம் கேட்கும், திரும்பினால் நிலைப்படியில் நிற்பாள். உனக்குக் கலர் பென்சில் கொடுத்தாரே முன்னறையில் குடியிருந்த டிராயிங் மாஸ்டர், அவர் திடீரென்று வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது நீ அழுதாய். அத்தைதான் அவரைப் போகச் சொன்னாள். அந்த மனிதர் என்னிடம் வாடகை ரசீது தவிர வேறு எதுவும் கேட்டது கிடையாது. எதற்காகப் போகச் சொல்கிறார்கள் என்பது தெரியாமலே ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பிற்பாடு அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை அத்தையிடம் சொன்னேன். அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வாயை மூடிவிட்டாள். அது அப்படியே நின்றுபோன அநியாயம்.

நான் ஏன் அப்போதே வாய்விட்டுச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கர்ப்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும். குளிக்கும்போது அடிவயிற்றில் வலப்பக்கம் கல் மாதிரி ஒன்று கையில் தட்டும். அக்காவின் இரண்டு வாய்ச் சோறும் இடுப்பு வலியும் எனக்கு மறந்தா போயிற்று? ஆனாலும் புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, உப்பசம் என்று எனக்கு நானே சொல்லி, ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். அத்தை போடும் பழி வெறும் பழிதான், பொய் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தால் அதை யாரிடம் போய்ப் பொய் என்பது? அந்தப் பயத்தில், அத்தை என்னைத் தப்பாக நினைப்பதே மேல் என்று கூட சில நாள் இருந்திருக்கிறேன். மனசு செய்கிற வேலையைப் பார்.

ஒரு நாள் காலையில் அத்தை வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள். "தம்பிக்கு எழுதணும். எழுதறதுக்கு முன்னாடி எனக்கு நிச்சயமாத் தெரியணும். என் கண்ணை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தைக் கலைக்க மாட்டேன். கிளம்பு" என்றாள். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவிடவில்லை. காவிரிப் பாலம் தாண்டும் வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் குதித்துவிடுவேன் என்ற பயம் அவளுக்கு. திருச்சிக் கோட்டைப் பக்கத்தில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நடுவயசுக்காரர், கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். அத்தை வெளியே இருக்க மறுத்துத் திரையை ஒட்டி நின்றுகொண்டாள். "எத்தனை மாசம்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்" என்றாள்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், உள்ளேயும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிலிருந்து சாப்பிட முடியவில்லை, உப்பசம் வந்து போகிறதா இல்லை வந்ததிலிருந்து போகவேயில்லையா, அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, முதுகு இடுப்பு வலிக்கிறதா, ஒன்றும் செய்யாமலே களைத்துப்போகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியாக, "கூடப்பிறந்தவங்க, அம்மா, யாருக்காவது வயித்திலயோ மார்லயோ கட்டி வந்திருக்கா?" என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாசம் எல்லாம் இல்லைங்க. பிள்ளையே இல்லை. இது கட்டி" என்று அத்தையிடம் சொன்னார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னொரு தரம் பாருங்க."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். அத்தையின் கையை வாங்கி என் வயிற்றின் மேல் வைத்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அத்தை அழுத்திப் பார்த்தாள். அவள் அழுவாள், என் காலில் விழுவாள் என்றெல்லாம் நினைக்காதே, அவள் அந்த ஜாதி இல்லை. கையை எடுத்துக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள், "அப்ப ஏன் பேசிக்கிட்டிருக்கீங்க? எடுங்க" என்றாள். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "அவன் பனிமலையில இருக்கான். நான்தான் இந்த வீட்டுக்குப் பெரியவ, நான் போடறேன்" என்று காகிதத்தை இழுத்து எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கட்டியோடு கருப்பையையும் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு துண்டை மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்ததில் புற்று என்றே வந்தது. ஆனால் ஓடு உடையாமல் முழுசாக வந்துவிட்டது, வெளியே பரவவில்லை, இன்னும் சில மாதம் போயிருந்தால் என் அக்காவுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்லியிருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. பார், வசந்தா. எல்லோரும் கொண்டாடிய வயிறு செத்துப்போயிற்று. ஒருத்தி சந்தேகப்பட்ட வயிறு பிழைத்துக்கொண்டது. அவள் சந்தேகப்பட்டது தப்பான காரணத்துக்காக என்பதும் எனக்கு மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்கிறேன்.

அத்தை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் ரசஞ்சாதத்தைத் தூக்குவாளியில் போட்டு பஸ் ஏறி வந்தாள், அவ்வளவுதான். அப்பா தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, வந்து சேர்வதற்குள் நான் வீடு திரும்பியிருந்தேன். அவர் பெட்டியை இறக்கி வைத்ததும் அத்தை சொன்னாள். "யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம், நானே சொல்றேன். நான் இவளைச் சந்தேகப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். இவ மேல ஒரு குத்தமும் இல்லை." மறுநாள் அப்பா கோட்டைக்குப் போய் வருகிறேன் என்று புறப்பட்டுப் போனார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்து, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்துவிட்டு வந்தேன். உனக்கு அப்பா என்றால் உயிர். இருந்தாலும் பாதி உண்மை சொல்லி உன்னை இன்னொரு தடவை சந்தேகத்தில் விட எனக்கு இஷ்டமில்லை. அப்பா அன்று போனது டாக்டரம்மாவிடம். நிஜமாகவே கட்டிதானா என்று கேட்கப் போயிருக்கிறார். தன் அக்காவும் மனைவியும் சேர்ந்து எதையோ மூடுகிறார்களோ என்று அவருக்கு. டாக்டரம்மா எழுந்து உள்ளே கூட்டிப்போய், எடுத்த கட்டியைப் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டியிருக்கிறார். இதை டாக்டரம்மாவே அடுத்த செக்கப்பில் என்னிடம் சொன்னார், சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு வருத்தமும் பட்டார். அன்று வீடு திரும்பிய அப்பா சாப்பிடவில்லை. வெகுநேரம் முற்றத்துத் தூணில் சாய்ந்திருந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் போய் வந்த இடம் எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதை வைத்து அவரை எடை போடாதே. எட்டு மாநிலம் தாண்டி ஒரு தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதன் என்னென்ன நினைத்திருப்பான் என்று நானே பல தடவை நினைத்துப் பார்த்து ஆறிவிட்டேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அத்தை போன வருஷம் கண் மூடும் வரை என் தட்டைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. "இன்னிக்கு எத்தனை வாய் சாப்பிட்டே?" என்று மாற்றாமல் கேட்டாள். "ஏம்மா, அத்தை உன் தட்டையே பாத்துக்கிட்டிருக்காங்க?" என்று நீ எரிச்சல்படுவாய். முன்னே ஒரு காரணத்துக்காகப் பார்த்தாள், பின்னே வேறு காரணத்துக்காகப் பார்த்தாள். இப்போது பார்க்க ஆளில்லாமல் நானே என் தட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் உனக்குச் சொல்வது பழைய கதைக்காக அல்ல. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் வந்தது, பெண்ணுக்கும் வரக்கூடும், அவளுக்கு வயது வந்ததும் மறைக்காமல் சொல் என்று டாக்டரம்மா என்னிடம் வாக்கு வாங்கினார். ஏன் வருகிறது என்று தங்களுக்கே முழுசாகத் தெரியாது, பிள்ளை பெறாதவர்களிடம் கூடுதலாகப் பார்ப்பதாகவும், மாதவிலக்கு நிற்கும் வயதிலும் நின்ற பிறகும் அதிகம் வருவதாகவும் சொன்னார். பெற்றுவிட்டோம், இனி வராது என்று இருந்துவிடாதே, நான் உன்னைப் பெற்றவள்தானே. கல்யாணத்துக்கு முன்பே சொல்ல இருந்தேன். பெண் வீட்டில் சீக்கு என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று நாலு பேர் என் வாயைக் கட்டினார்கள். இப்போது நீயே மாப்பிள்ளையிடம் சொல். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உன் உடம்பைப் பற்றி, எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டால், பதில் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் வேண்டும்.

வயிறு என்றால் உப்பும், வடியும். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் பயந்து சாகாதே. வந்ததிலிருந்து வாரக்கணக்கில் போகாமல் உட்கார்ந்துகொள்கிற உப்பசம், இரண்டு வாயில் நிறைந்துவிடுகிற வயிறு, அடிவயிற்றிலும் இடுப்பிலும் புதிதாக வந்து விடாமல் இருக்கிற வலி, அடிக்கடி கொல்லைக்கு ஓடவைக்கிற முட்டல், உடம்பு இளைக்க வயிறு மட்டும் பெருப்பது, மாதவிலக்கு நின்றபின் திரும்பப் படுகிற தீட்டு, இவற்றை மட்டும் நம்பாதே. வாயு என்பார்கள், சூடு என்பார்கள், வயசு என்பார்கள், விசேஷம் என்று சர்க்கரையை வாயில் போட வருவார்கள். யார் சிரித்துக்கொண்டு சொன்னாலும், நானே சொன்னாலும், நம்பாதே. போய்க் காட்டு. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் பஸ் டிக்கெட்டோடு போயிற்று.

வருகிற சனிக்கிழமை எனக்குச் செக்கப். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா, தலை மட்டும் நரைத்திருக்கிறது. நீ திருவெறும்பூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் பத்து மணிக்கு வந்துவிடலாம். என்னைப் பார்த்து முடித்ததும் நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ தனியாக உள்ளே போ. அம்மா எழுதியதெல்லாம் நிஜந்தானா என்று அவரிடமே கேள். தயங்காதே, நான் தப்பாக நினைக்க மாட்டேன். உன் அப்பா எனக்குத் தெரியாமல் போய்க் கேட்டார். நீ எனக்குத் தெரிந்தே கேள்.

உன் அம்மா